ஹோல்டன் ஏன் மழையில் நனைகிறான்? – கேள்வி பதில்

ஜே. டி. சாலிங்கரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ (1951) நாவலைப் பற்றிய இந்தக் கேள்விகளை அதை முழுக்கப் படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், பாதியில் மூடிவைத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஹோல்டன் கால்ஃபீல்டுக்கு 16 வயது. ஐந்து பாடங்களில் நான்கில் தோற்று, கிறிஸ்துமஸுக்கு முன்னால் விடுதிப் பள்ளியிலிருந்து விலக்கப்படுகிறான். வீட்டுக்குப் போகப் பயந்து நியூயார்க்கில் சுற்றுகிறான். பிறகு கலிபோர்னியாவில் சிகிச்சைக்குப் போன இடத்திலிருந்து அதையெல்லாம் அவனே சொல்கிறான்.

கேள்வி: பார்க்கிற ஆளையெல்லாம் போலி என்கிறான். வசதியான வீட்டுப் பையன். இவனுக்கு எதற்கு இரக்கப்பட வேண்டும் சார்?

முதல் தடவை நானும் எரிச்சலில் மூடிவைத்தவன்தான். அவன் வாய் நம்மூர் ‘டுபாக்கூர்’ வாய். எதிரில் வருகிறவன் எல்லாம் டுபாக்கூர். ஆனால் அந்தத் திட்டுகளுக்கு நடுவில், அறைத்தோழனுக்குக் கட்டுரை எழுதித் தரும் சாக்கில், ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறான். தம்பி ஆலி 1946 ஜூலை 18 அன்று லுகேமியாவில் இறந்தான். தம்பிக்கு 11 வயது, இவனுக்கு 13. அன்றிரவு கார் ஷெட்டில் படுத்தவன், வெறுங்கையால் ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் உடைத்தான். அந்தக் கையை இன்னும் இறுக்கி மூட முடியாது. மழை வந்தால் வலிக்கும்.

கை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தம்பியின் அடக்கத்துக்கும் அவன் போகவில்லை. வழியனுப்பி வைக்காத சாவு அது. அவனுடைய கோபம் போலிகள்மேல் என்று அவனே நம்புகிறான், எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: தான் பெரிய பொய்யன் என்று அவனே சொல்கிறானே. அப்புறம் எப்படி நம்புவது?

சம்பவங்களை நம்பலாம், அவற்றுக்கு அவன் சொல்லும் விளக்கத்தை வேண்டாம். ரயிலில் பார்க்கிற அம்மாவிடம், அவர் மகன் ரொம்பக் கூச்ச சுபாவம், அடக்கமானவன் என்று அளக்கிறான். உண்மையில் அந்தப் பையனைக் கண்டாலே இவனுக்கு ஆகாது. தன் பெயர் என்று விடுதிக் காவலாளியின் பெயரைச் சொல்கிறான். தனக்கு மூளையில் கட்டி என்கிறான். எதிரில் இருப்பவர் மனம் குளிர வேண்டும் என்று சொன்ன பொய்யும் அதில் இருக்கிறது, கவனியுங்கள்.

கேள்வி: குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும் என்று டாக்ஸிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறானே, அது என்ன?

உறைந்துபோகிற இடத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறான். அதற்குமேல் குறியீடு தேட வேண்டாம். ஹார்விட்ஸ் என்ற டிரைவர் மீன்களைப் பற்றிக் கோபமாக வாதம் பண்ணுகிற பகுதி வெறும் சிரிப்புக்காகவே படிக்கலாம்.

கேள்வி: சாலிங்கர் போருக்குப் போனவர். இது போர் தந்த காயமா?

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று அவர் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் படையோடு இறங்கினார். போர் முடிந்த கையோடு மனச்சோர்வுக்குச் சிகிச்சையும் எடுத்தார். ஆனால் ஹோல்டன் வரும் ஒரு சிறுகதையை ‘நியூயார்க்கர்’ பத்திரிகை 1941லேயே வாங்கியிருந்தது, அச்சானது 1946ல். ஆக, பையன் போருக்கு முந்தியவன். துக்கம் மட்டும் வழியில் கூடியிருக்கலாம். இது என் ஊகம்.

கேள்வி: கடைசியில் அவன் நிஜத்தை ஏற்றுக்கொள்கிறானா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன் அண்ணா.

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் நாவல் எதற்கு தம்பி? மூன்று இடங்களைச் சேர்த்துப் படியுங்கள்.

பிடித்த ஒரு விஷயம் சொல் என்று பத்து வயதுத் தங்கை ஃபீபி கேட்கிறாள். ஆலியைப் பிடிக்கும் என்கிறான். அவன் செத்துப்போய்விட்டானே என்கிறாள். செத்துப்போனது எனக்கும் தெரியும், அதற்காகப் பிடிக்காமல் போய்விடுமா என்று கத்துகிறான். தெரிந்திருக்கிறது, ஆனாலும் மறுநாள் ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும், நான் காணாமல் போய்விடாமல் பார்த்துக்கொள் ஆலி என்று அவனிடமே கெஞ்சுகிறான்.

இரண்டாவது, கல்லறைத் தோட்டம். மழை வந்ததும் வந்தவர்கள் எல்லாரும் காருக்கு ஓடி, ரேடியோவைப் போட்டுக்கொண்டு, நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போய்விடலாம். ஆலி மட்டும் அங்கேயே நனைவான். அதைத்தான் ஹோல்டனால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது, சென்ட்ரல் பார்க் ராட்டினம். குதிரைமேல் ஃபீபி சுற்றுகிறாள், சுற்றுகிறவர்கள் எட்டிப் பிடிப்பதற்காக வைத்திருக்கும் தங்க வளையத்துக்குக் கை நீட்டுகிறாள். விழுந்தாலும் விழட்டும், எதுவும் சொல்லக்கூடாது என்று இவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தானிய வயலில் விளையாடும் குழந்தைகள் பள்ளத்தில் விழாமல், விளிம்பில் நின்று பிடிக்கப்போவதாக முந்தின இரவு ஃபீபியிடம் சொன்னவன் இவன்தான். மழை கொட்டுகிறது. மற்ற பெற்றோர்கள் கூரைக்குக் கீழே ஓடுகிறார்கள். ஹோல்டன் ஓடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. படிக்கக் கொடுக்கலாமா?

கொடுங்கள் அம்மா. குடி, ஓட்டல் அறைக்கு வரும் பெண், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு, முன்னாலேயே தெரிந்திருக்கட்டும். படித்த பிறகு என்ன புரிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். செப்டம்பரில் ஒழுங்காகப் படிப்பாயா என்று ஹோல்டனிடமும் ஒரு டாக்டர் கேட்கிறார். செய்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்கிறான் அவன்.