பதிவு செய்திருந்தால் விட்டிருப்பார்களா?

கேள்வி: ஜிம்பாப்வேயின் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் 2003-இல் மூடப்பட்டதை அரசின் அடக்குமுறை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மற்ற பத்திரிகைகள் பதிவு செய்துகொண்டபோது அது மட்டும் மறுத்தது. அதில் வெளிநாட்டுப் பணமும் இருந்தது. சட்டத்தை மீறியவர்களுக்காக ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பரிந்து பேசவில்லை, நடந்ததைத்தான் எழுதினேன். நீங்கள் விட்டுவிட்ட பகுதியையும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

அந்த நாளிதழ் பதிவுக்கு விண்ணப்பிக்காமல் இல்லை. பத்திரிகைகள் ஊடக ஆணையத்தில் பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்கிய 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று அது முதலில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. முதலில் சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள், பிறகு வந்து அதை எதிர்த்து வாதாடுங்கள் என்று சொல்லி, 2003 செப்டம்பர் 11 அன்று நீதிமன்றம் வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது. மறுநாளே காவல்துறையினர் தலைநகர் ஹராரேயில் இருந்த அலுவலகத்துக்குள் நுழைந்து அதை மூடினார்கள். அடுத்த சில நாட்களில் கணினிகளையும் அள்ளிச் சென்றார்கள். நீதிமன்றம் சொன்னபடியே நிர்வாகம் உடனே விண்ணப்பித்தது. அதே செப்டம்பர் மாதத்தில் ஊடக ஆணையம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அதன் உறுப்பினர்களை நியமித்தவர் யாரென்றால், அந்த நாளிதழ் நாள்தோறும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதே அரசின் தகவல் துறை அமைச்சர். கேள்வி கேட்கப்படுபவரின் ஆட்களிடமே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் கேள்வி கேட்க வேண்டும் என்கிற சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போவதைச் சட்டமீறல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். அந்த ஆணையமே முறைப்படி அமைக்கப்படவில்லை என்று 2003 அக்டோபரில் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த மறுநாள் நாளிதழ் சில பக்கங்களுடன் கடைக்கு வந்தது. அன்றே காவல்துறை மீண்டும் அலுவலகத்தை மூடியது. சாதகமான தீர்ப்பு வந்தபோதும் மூடினார்கள், பாதகமான தீர்ப்பு வந்தபோதும் மூடினார்கள் என்றால், சிக்கல் பதிவுச் சான்றிதழில் இல்லை.

அந்த நாளிதழ் ஏன் அரசின் கண்ணை உறுத்தியது என்பதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். அதன் நிறுவன ஆசிரியர் ஜெஃப்ரி நியாரோட்டா, 1988-இல் புலவாயோ நகரின் ‘கிரானிக்கிள்’ பத்திரிகையில் இருந்தபோது, வில்லோவேல் கார் தொழிற்சாலையிலிருந்து அமைச்சர்களும் மூத்த அதிகாரிகளும் அரசு நிர்ணயித்த விலையில் கார்களை வாங்கிக் கொள்ளை லாபத்துக்கு விற்றதை அம்பலப்படுத்தினார். அது அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பத்திரிகை என்பதை மறந்துவிடாதீர்கள். விசாரணை ஆணையம் அமைந்தது, அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். ஆனால் ஆசிரியரையும் பதவி உயர்வு என்ற பெயரில் ஆசிரியர் நாற்காலியிலிருந்து அகற்றிவிட்டார்கள். அரசின் நிழலில் இருந்துகொண்டு உண்மையை எழுத முடியாது என்பதை அனுபவித்தே அறிந்த மனிதர், 1999-இல் தனியார் முதலீட்டில் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, அரசுத் தரப்பு நாளிதழான ‘ஹெரால்ட்’டைத் தாண்டியது. வெளிநாட்டுப் பணம் இருந்தது உண்மைதான், அதை யாரும் ஒளிக்கவில்லை. ஆனால் காலையில் காசு கொடுத்து அதை வாங்கிய லட்சம் பேரும் ஜிம்பாப்வே மக்கள். கிராமப்புறங்களில் அந்த நாளிதழைக் கையில் வைத்திருந்ததற்காகவே ஆளுங்கட்சியினரிடம் அடி வாங்கியவர்களும் அவர்கள்தான்.

2001 ஜனவரி 28 பின்னிரவில் ஹராரேயின் புறநகரில் இருந்த அதன் அச்சகத்தில் குண்டுகள் வெடித்தன. அச்சு இயந்திரம் உருக்குலைந்து போனது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தகவல் துறை அமைச்சர் ஜோனத்தன் மோயோ அந்த நாளிதழுக்கு முடிவு கட்டப்படும் என்ற பொருள்படப் பேசியிருந்தார். குற்றவாளி என்று எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் வேறு இடத்தில் அச்சிட்டு, பக்கங்களைக் குறைத்துக்கொண்டாவது நாளிதழ் வெளிவந்தது. நானும் வாரந்தோறும் அச்சகத்தின் கெடுவுக்குள் பக்கங்களை முடித்து அனுப்புகிறவன். ஓர் இயந்திரம் பழுதானாலே என்ன பாடுபடுவோம் என்பது எனக்குத் தெரியும். இயந்திரமே இல்லாமல் போன பிறகும் பத்திரிகையைக் கொண்டுவந்த அந்த ஊழியர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு விம்முகிறது.

அவர்கள் தவறே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2002-இல் ஒரு பெண் ஆளுங்கட்சியினரால் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாக வெளியிட்ட செய்தி பொய் என்று தெரியவந்தது. அது பெரும் பிழை. சரிபார்க்காமல் அச்சேற்றியிருக்கவே கூடாது. தவறு என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். பிழை செய்த பத்திரிகையை நீதிமன்றத்தில் நிறுத்தலாம், இழப்பீடு கேட்கலாம். அடுத்த நாளின் இதழையே இல்லாமல் செய்வதற்கு அது காரணமாகாது.

முதலில் கீழ்ப்படியுங்கள், பிறகு வாதாடுங்கள் என்பது நிலத் தகராறுக்கு வேண்டுமானால் பொருந்தலாம், ஏனென்றால் நிலம் காத்திருக்கும். நாளிதழ் காத்திருக்காது. பத்திரிகைச் சுதந்திரம் இவ்வழக்கில் மீறப்பட்டது என்று ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் முடிவு சொன்னது 2009-இல். உரிமம் கிடைத்தது 2010-இல். நாளிதழ் மீண்டும் கடைக்கு வந்தது 2011 மார்ச்சில். இடைப்பட்ட 2005 நாடாளுமன்றத் தேர்தலும், எதிர்க்கட்சியினர் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்ட 2008 குடியரசுத் தலைவர் தேர்தலும் அந்த நாளிதழ் இல்லாமலேயே நடந்து முடிந்தன.