புதுப்பித்த பழைய எஃகு மிதிவண்டிக்கு விலை சொல்வது எப்படி?

பிரிட்டனில் 1970களில் வந்த டாவ்ஸ் கேலக்ஸி நெடும்பயண மிதிவண்டியைப் புதுப்பித்து விற்க விரும்பும் நீங்கள், செலவு முழுவதையும் விலையில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தால் வண்டி விற்காது என்றே கருதுகிறேன்; வாங்குபவர் பணம் தருவது முதலில் ஃபிரேமின் தரத்துக்குத்தான்.

ஃபிரேம் 1935இல் அறிமுகமான ரெனால்ட்ஸ் 531 மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய்களால் ஆனதெனில், அக்குழாயின் பெயரைக் காட்டும் ஃபிரேம் ஸ்டிக்கரை நெருக்கமாகப் படமெடுத்து இடுங்கள். மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டும் அந்த எஃகால் ஆனவையா, முன்ஃபோர்க்கும் பின்பகுதிக் குழாய்களும் அவ்வாறே ஆனவையா என்பதைப் பொறுத்து மதிப்பு கணிசமாக மாறும். மறுவண்ணம் பூசிய பின் புதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைச் சொல்லாமல் விடுவது ஏமாற்றுதலே ஆகும்.

அலுமினிய இருக்கைத் தண்டு எஃகுக் குழாய்க்குள் அரிப்பினால் இறுகிப்போவது இவ்வகை வண்டிகளில் பரவலான குறை என்பதால், அது தடையின்றி ஏறி இறங்குவதை நேரில் காட்டுங்கள். பழைய 27 அங்குலச் சக்கரத்தின் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ.; இன்றைய 700சி என்ற அளவு டயருக்கு அது 622 மி.மீ. ஆகவே ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. வண்டியில் எது உள்ளது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். விலைக்கு, பிறர் கேட்கும் தொகையை அல்ல, இதே மாதிரி வண்டிகள் உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள்.