போனில் இருந்த மெயில் எங்கே போனது?

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். விடுதியின் முகவரிக்கு வரும் முன்பதிவு மெயில்களை வாசிக்கக் கணினியில் தண்டர்பேர்ட் போட்டோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பழைய மெயில்கள் போனில் இல்லை. கணினியில் மட்டும் இருக்கின்றன. ஏன்?
– வாசகர், திருகோணமலை

பதில்: கணக்கை ‘பொப்’ முறையில் சேர்த்திருக்கிறீர்கள். அது தபால்பெட்டியில் உள்ளதை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகிற முறை. சேர்வரில் பிரதி இருக்கும்தான். ஆனால் 14 நாளில் அதை அழிக்கும்படி தண்டர்பேர்ட் தானாகவே டிக் போட்டு வைத்திருக்கும். முதல் வேலையாக, அக்கவுண்ட் செட்டிங்ஸில் சேர்வர் செட்டிங்ஸைத் திறந்து அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ‘ஐமேப்’: மெயிலைச் சேர்வரிலேயே வைத்து, போனிலும் கணினியிலும் ஒரேமாதிரிக் காட்டும் முறை. பொப் கணக்கை அப்படியே ஐமேப் ஆக்க முடியாது. அதே முகவரியைப் புதிதாகச் சேர்த்து, கைமுறை அமைப்பில் ஐமேப்பைத் தெரிவுசெய்யுங்கள்: போர்ட் 993, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல். பிறகு பழைய கணக்கின் மெயில்களைத் தெரிவுசெய்து, வலது கிளிக், ‘கொப்பி டூ’ வழியாகப் புதிய இன்பொக்ஸுக்கு அனுப்புங்கள். நூறு நூறாக அனுப்பினால் லைன் விட்டுவிட்டு வந்தாலும் சிக்கல் குறைவு. எல்லாம் போனில் தெரிகிறதா என்று பார்க்காமல் பழைய கணக்கை நீக்கிவிடாதீர்கள். இப்போதைக்கு அந்த மெயில்கள் இருப்பது அங்கே மட்டும்தான்.

மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் கோளாறு ஐமேப்பில் இல்லை. அனுப்புவதற்கு எஸ்எம்டிபி என்று தனி அமைப்பு உண்டு: போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் வழக்கமான பிழை.