டை கட்டிங் (பிளேடு பதித்த பிளைவுட் டையால் அட்டையை அழுத்தி வெட்டுவது): பிரஷரை ஏற்றுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பழைய எல்.பி. இசைத்தட்டுகளுக்குப் புது அட்டை உறை செய்ய 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் மாதிரி போட்டோம். முதுகு மடிப்பில் மை வெடிக்கிறது, தட்டும் இறுக்கமாக நுழைகிறது. பிரஷரைக் கூட்டிப் பார்த்தும் பலனில்லை.
- இசைத்தட்டு சேகரிப்பாளர், கே.கே. நகர், மதுரை

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பிரஷருக்கு இரண்டிலும் வேலையில்லை.

இறுக்கத்துக்குக் காரணம் அளவு. 12 அங்குலத் தட்டின் விட்டம் சுமார் 302 மி.மீ. காகித உள்ளுறை 308 மி.மீ. அளவுக்கு வரும். அதனால் மடித்து ஒட்டிய வெளியுறை 315 மி.மீ. சதுரமாக இருக்கட்டும். ஒற்றைத் தட்டுக்கு முதுகு 3 மி.மீ. போதும். ஒட்டு மடிப்புகள் உள்ளே போவதால் அவற்றின் தடிமனும் இடத்தைத் தின்னும். டை வரைபடத்திலேயே அதற்கு இடம் விடுங்கள்.

வெடிப்புக்கு முதலில் அட்டையின் நார் ஓட்டத்தைப் பாருங்கள். சிறு சதுரத் துண்டு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவினால் அது சுருளும். சுருளின் நீளவாக்குதான் நார் ஓடும் திசை. முதுகு அதற்கு இணையாக அமைய வேண்டும். குறுக்கே மடித்தால் நார் முறியும், மேலிருக்கும் மையும் கூடவே பிளக்கும். சிவகாசியிலிருந்து ஷீட் வெட்டி வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு மாற்ற வழியில்லை.

அடுத்து கிரீசிங், அதாவது மடிப்புக் கோடு பதிப்பது. மழுங்கிய முனையுள்ள கிரீசிங் ரூல், அட்டையை அடியில் ஒட்டிய மேட்ரிக்ஸ் பட்டையின் பள்ளத்துக்குள் அழுத்தும். மேட்ரிக்ஸ் பள்ளத்தின் அகலம் அட்டைத் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு, அதோடு கிரீசிங் ரூலின் தடிமன். உங்கள் அட்டை 0.4 மி.மீ. என்றால் 0.6, ரூல் 0.7, ஆக 1.3 மி.மீ. வெட்டும் பிளேடு 23.8 மி.மீ. உயரம் என்பதால், அட்டைத் தடிமனைக் கழித்து கிரீசிங் ரூலின் உயரம் 23.4. பள்ளம் குறுகினால் ரூல் அட்டையை மடிக்காமல் அறுக்கத் தொடங்கும். முதுகின் இரண்டு கோடுகளும் 3 மி.மீ. இடைவெளியில் வருவதால் தனித்தனி மேட்ரிக்ஸ் பட்டைகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டும். இரட்டைப் பள்ள மேட்ரிக்ஸ் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட முகம் ரூலைப் பார்த்து இருக்க வேண்டும். கிரீசிங்கில் எழும் மேடு மடிப்பின் உட்புறம் வர வேண்டும்.

கேள்வி: ஸ்வீட் பாக்ஸ் அடிக்கும்போது ஒரு மூலை வெட்டுகிறது, இன்னொரு மூலை வெட்டுவதில்லை. வெட்டிய இடத்திலும் பஞ்சுபோலத் தூசி.
- பைண்டிங் கடை, மேலூர்

பதில்: வெட்டாத மூலைக்காக மொத்தப் பிரஷரையும் ஏற்றியிருக்கிறீர்கள். ஏற்கெனவே வெட்டிய இடத்தில் பிளேடு இரும்புத் தகட்டில் மோதி முனை மழுங்கும். மழுங்கிய பிளேடு வெட்டாமல் நசுக்கிக் கிழிக்கும். அந்தத் தூசிதான் இது. பிரஷரைக் குறைத்து, பெரும்பகுதி வெட்டும் நிலையில் நிறுத்துங்கள். வெட்டாத கோடுகளைக் குறித்து, டையின் முதுகில் அந்த இடத்துக்கு மட்டும் 0.05 மி.மீ. டிஷ்யூ டேப் ஒரு அடுக்கு ஒட்டி மறுபடி அடியுங்கள். தேவையானால் இன்னொரு அடுக்கு. பொறுமையான வேலைதான், ஆனால் டையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. பிளேடின் பக்கத்தில் ஒட்டி, வெட்டிய அட்டையைத் தள்ளிவிடும் ரப்பரையும் பாருங்கள். அது பிளேடைவிட 1 முதல் 2 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். தேய்ந்துவிட்டால் அட்டை டையிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: கையால் ஷீட் போடும் பிளாட்டனில் (டை அழுத்தும் இயந்திரம்) மோட்டாரை அணைத்து, வீல் முழுதாக நின்ற பிறகே கையை உள்ளே விடுங்கள். டேப் ஒட்டும் அவசரத்தில் விரல் போனால் எந்த ஆர்டரும் அதை ஈடுகட்டாது.

கேள்வி: உள்ளுறையின் நடுத்துளை எவ்வளவு இருக்கலாம்?
- அச்சக ஊழியர், திருமங்கலம்

பதில்: தட்டின் லேபிள் 100 மி.மீ. துளை அதைவிடச் சற்றுக் குறைந்தால் தட்டில் இசை பதிந்த பள்ளங்கள் மூடியிருக்கும். வட்டப் பிளேடின் இரு முனையும் சேரும் இடத்தில் இடைவெளி விடாதீர்கள், காகிதம் அங்கேதான் கிழியும்.

கேள்வி: இதே டையில் செருப்பு அட்டை, ஃபோம் வெட்டலாமா?
- வாடிப்பட்டி

பதில்: ஃபோம் வெட்டலாம். ஆனால் அழுந்தி வெட்டுப்படுவதால் கனத்த ஃபோமின் ஓரம் உள்வாங்கும், அடுக்கைக் குறையுங்கள். செருப்புக்கான தோலுக்கும் அட்டைக்கும் கிளிக்கர் பிரஸ் (கத்தியை மேலிருந்து அழுத்தி வெட்டும் இயந்திரம்), 19 அல்லது 32 மி.மீ. உயரமுள்ள கனமான கத்தி, அடியில் நைலான் பலகை வேண்டும். பிளைவுட் டை அதற்குத் தாங்காது.