தேன் அறை காலியாக இருக்கட்டும், முட்டை இருக்கிறதா பாருங்கள்

கேள்வி: அண்ணே, எங்கள் தென்னந்தோப்பில் ஒன்றரை மாதத்துக்கு முன்பு ஒரு தேனீப் பெட்டி வைத்தேன். நாட்டு ஈ, நாலு அடையோடு மார்த்தாண்டத்திலிருந்து வந்தது. அன்றாடம் திறந்து பார்க்கிறேன். மேலே இருக்கும் தேன் அறையில் ஒரு சொட்டுகூட இல்லை. "காசைக் கொண்டுபோய்க் கொட்டிட்டே" என்கிறார் வீட்டுக்காரர். ஈ வளர்கிறதா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்தத் தேன் அறையை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். நாலு அடை ஈக்கு அது அதிகப்படி இடம். ஈ காவல் காக்க முடியாத இடத்தில் அடையை அரித்துத் தின்னும் மெழுகுப்பூச்சி குடியேறும். கீழே முட்டையும் புழுவும் வளரும் புழு அறையின் சட்டங்கள் எல்லாவற்றிலும் அடை கட்டி, ஈ மொய்த்து நின்ற பிறகு மேலே ஏற்றினால் போதும்.

வீட்டுக்காரருக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். ராணி இடும் முட்டை வேலைக்கார ஈயாக வெளிவர ஏறக்குறைய 20 நாள். வந்ததும் பூவுக்குப் பறந்துவிடாது. அடையிலுள்ள சின்ன அறைகளைத் துடைக்கும், புழுவுக்கு ஊட்டும், மெழுகு சுரந்து அடை கட்டும். வெளிவேலைக்குப் போக இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். பெட்டி வந்த அன்றைக்கு இட்ட முட்டை இப்போதுதான் சம்பாதிக்கப் புறப்பட்டிருக்கிறது! அதற்குள் தேன் கேட்டால் எப்படி?

அன்றாடம் திறப்பதை இன்றோடு விடுங்கள். நம் நாட்டு ஈக்கு ரோசம் அதிகம். தொந்தரவு, எறும்பு, பசி, எது மிஞ்சினாலும் பெட்டியைப் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு போய்விடும். காலையில் பெட்டிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசலைப் பாருங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் பறக்கும் வழி மறிபடும். பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு ஈ இறங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ஊட்டுவதற்குப் புழு இருக்கிறது, ராணி முட்டையிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தோப்பில் வருஷம் முழுக்கப் பாளை வெடிக்கும். அப்படியிருந்தும் மகரந்தம் வரவில்லை என்றால் கோளாறு பெட்டிக்குள்தான். மதியவாக்கில் இளம் ஈக்கள் வாசலைப் பார்த்தபடி வளைந்து வளைந்து பறக்கும். சண்டை என்று பயப்பட வேண்டாம், வீட்டை அடையாளம் பிடித்துக்கொள்கின்றன. புதுத் தலைமுறை வந்துவிட்டது என்று அர்த்தம்.

எட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை, காற்று அடங்கிய வெயில் வேளையில் திறக்கலாம். ராணியைத் தேடிச் சட்டத்தைப் புரட்டிப்போட வேண்டாம். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி அடையைப் பிடித்து, அதிலுள்ள சின்ன அறைகளின் அடியைப் பாருங்கள். அரிசி நொய்யைவிடச் சின்னதாக வெள்ளை முட்டை தெரியும். மூன்று நாளில் முட்டை பொரிந்துவிடும். ஆகவே முட்டையைக் கண்டால் மூன்று நாளைக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள். அறைக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு மூன்றாகச் சிதறிக் கிடந்தால் அநேகமாக ராணி இல்லை, வேலைக்கார ஈயே முட்டையிடுகிறது. மூடிய புழு அறைகள் இடைவெளி அதிகம் இல்லாமல் அடுத்தடுத்து இருந்தால் நல்ல ராணி. எத்தனை அடையில் ஈ மொய்த்திருக்கிறது என்று நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். வளர்ச்சிக்கு அதுதான் கணக்கு.

ஒன்றில் மட்டும் கண்ணாக இருங்கள். மூடாத அறைகளில் புழு தலையை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்து, எடுத்தால் நீர் கோத்த பைபோல வந்தால் அது பைப்புழு வைரஸ் நோய். 1990-களின் தொடக்கத்தில் தென்னாட்டில் நாட்டு ஈப் பெட்டிகளைக் கூண்டோடு காலி செய்தது இதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், தொட்ட கையைக் கழுவுங்கள்.

அடிப்பலகையை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். மெழுகுப்பூச்சிப் புழு அந்தக் குப்பையில்தான் முதலில் தலைகாட்டும். தாங்குகால்கள் நிற்கும் கிண்ணத்தில் தண்ணீர் வற்றவே கூடாது, எறும்பு காத்துக்கொண்டிருக்கும்.

வாசலைக் கிழக்குப் பார்த்து வை என்பார்கள். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகைச் சாரல் வாடைக் காற்றோடு அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. நான் தென்கிழக்காகத் திருப்பி, முன்பக்கம் கொஞ்சம் சரித்து வைக்கிறேன், உள்ளே விழுந்த தண்ணீர் வடிந்துவிடும். அடைமழையிலும் ஆடிக்காற்றிலும் ஈ வெளியே போக முடியாது. பெட்டியின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். போன வாரத்தைவிட இலேசாக இருந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சமமாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சிரட்டையில் ஊற்றி, ஈ முங்காமலிருக்க நாலு ஈர்க்குச்சி போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளைக்கு வராது.

கேள்வி: பனங்காட்டோரம் பெட்டி வைத்திருக்கிறேன். பதநீர்க் கலயத்தில் ஈ விழுந்து சாகிறது. பனையேறும் அண்ணனும் திட்டுகிறார்.
– வாசகர், சாயல்குடி

பதில்: திட்டத்தான் செய்வார், அவர் பிழைப்பு அது. கலய வாய்க்கு நெருக்கமான வலைத்துணி கட்டித் தருவது உங்கள் செலவாக இருக்கட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் அகலச் சட்டியில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். தாகத்துக்கு அலையும் ஈயாவது கலயத்துக்குப் போகாது. கருப்பட்டி காய்ச்சும் பருவத்தில் அடையில் சேர்வது பதநீர் கலந்த சரக்கு. அதைத் தேன் என்று விற்காதீர்கள், ஈயே தின்னட்டும்.