வீட்டில் யாரும் கைகொடுக்காதபோதும் ஒரு கிறிஸ்தவர் குறை சொல்லாமல் நன்றியோடு இருக்க முடியுமா?

முடியும். ஆனால் மனக்குறையை விழுங்கிவிட்டு வாயால் "ஸ்தோத்திரம்" சொல்வதுதான் நன்றி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேள்வியைப் பார்த்தால் நீங்களும் ஒரு நோயாளியைத் தனியாளாகக் கவனித்துக்கொள்கிறவர் போலத் தெரிகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், எனக்குத் தெரிந்தது இதுதான்.

அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. அண்ணன் மாதம் தவறாமல் பணம் அனுப்புவான், எட்டிப் பார்க்க மாட்டான். அக்கா ராத்திரி போன் செய்து, எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுப்பாள். சித்தி, அத்தை, சபையில் பக்கத்தில் உட்காருகிறவர் என்று கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். எதுவும் பொய்யில்லை, இன்றைக்கும் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் சொல்லச் சொல்லப் பாரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. சித்தி வழியாக விஷயம் அக்காவின் காதுக்குப் போனதுதான் மிச்சம்.

வேதாகமத்தில் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை அப்போதுதான் நிதானமாக வாசித்தேன். மோசே எகிப்திலிருந்து நடத்திவந்த ஜனங்கள் இறைச்சி வேண்டும் என்று அவரவர் கூடார வாசலில் அழுகிறார்கள், தண்டனையாக வாதை வருகிறது. அதே அதிகாரத்தில் மோசேயும் குறை சொல்கிறார், அதுவும் எப்படி! இந்த ஜனங்களை நானா பெற்றேன், இப்படியே விடுவதானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். அவருக்குத் தண்டனை இல்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள் கிடைத்தார்கள். அவர் கர்த்தரிடமே நேராகப் போய்ச் சொன்னார், அதுதான் வித்தியாசம் என்று எனக்குப் பட்டது.

சரி, நானும் நேராகவே சொல்லிப் பார்த்தேன். அழகான ஜெபமெல்லாம் இல்லை, அண்ணன் பெயரைச் சொல்லிச் சண்டை போட்ட ஜெபம். நன்றி அதற்கப்புறம்தான் வந்தது. அக்காவின் போன் வருகிற நேரமானால் அம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அந்தப் பத்து நிமிடத்தை என்னால் அம்மாவுக்குக் கொடுத்திருக்க முடியாது. பணத்துக்காக நான் ஒரு மாதமும் யாரிடமும் கையேந்தவில்லை என்பதும் உறைத்தது. அண்ணனைக் கூப்பிட்டு அதற்கு நன்றி சொன்னேன். அதே மூச்சில், "ஒரு பத்து நாள் வந்து இரு, என்னால் முடியவில்லை" என்றும் கேட்டேன். அவன் வரவில்லை. ராத்திரிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கூடுதலாக அனுப்பினான். எனக்கு அது போதவில்லை, ஆனால் தூங்க முடிந்தது.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:18) என்ற வசனத்தோடு சிலர் வருவார்கள் என்று தெரியும். அந்த வசனம் எனக்கும் மனப்பாடம். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டிலேயே முடிகிறது, அதுவும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று, வீட்டில் அடி உதை வாங்குகிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் வெளியே சொல்லத்தான் வேண்டும், உடனே சொல்ல வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பார்க்க வருகிற விசுவாசிகளில் சிலர், "வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா?" என்று விசாரிக்கிறார்கள். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவிடம் அவருடைய சிநேகிதர்கள் பேசியதும் இதைத்தான், அவர்கள்மேல் கர்த்தர் கோபப்பட்டது யோபு 42ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மருந்து கொடுக்கிற நேரத்தில் வந்து நீளமாகப் பிரசங்கம் செய்கிறவர்களைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. ஒரே ஒரு அம்மா மட்டும், "நான் உட்கார்ந்திருக்கிறேன், நீ போய்க் குளித்துவிட்டு வா" என்றார். உங்களிடம் யாராவது உதவி வேண்டுமா என்று கேட்டால், பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.