பதில்: தக்காளிக் காயின் அடி கறுத்துப் போகுது
வணக்கம் அக்கா. யாழ்ப்பாணம் கொக்குவிலில் சாடியில் வைத்த தக்காளி, காயின் அடிப்பக்கம் மட்டும் கறுத்துப் பள்ளம் விழுகுது, மருந்து அடித்தும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீங்கள். அது பூச்சியுமில்லை, பங்கசு நோயுமில்லை. மருந்தை நிப்பாட்டுங்கோ. காய்க்குக் கல்சியம் போய்ச் சேராததால் வாற குறை அது.

உடனே முட்டைக்கோதை அரைத்துப் போடச் சொல்லுவினம். அது மண்ணில் கரையவே கனகாலம் எடுக்கும். எங்கடை நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணக்கல்; கிணத்துத் தண்ணி கொதிச்ச கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியுதே, அதிலேயே கல்சியம் இருக்கு. அதைக் காய்வரை கொண்டுபோகத் தண்ணி ஒரே சீராய்க் கிடைக்க வேணும். நீங்கள் இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வாளியோடை ஊத்துறதுதான் பிரச்சினை.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கோ. ஈரம் தெரியாட்டில் ஊத்துங்கோ. கடும் வெயிலுக்குக் காலமையும் பின்னேரமும் தேவைப்படும். மேலே வைக்கோலோ சருகோ தடிப்பாய்ப் பரப்புங்கோ. சின்னச் சாடி கெதியாய்க் காயும். அடுத்த கன்றை அடியில் துளை போட்ட 20 லீற்றர் வாளியில் வையுங்கோ. யூரியா வேண்டாம், குறையைக் கூட்டும்.

கறுத்த காய் தேறாது, பிடுங்குங்கோ. மிச்சப் பக்கம் இறுக்கமாய் இருந்தால் வெட்டிச் சொதிக்குப் போடலாம். முதல் குலைதான் பெரும்பாலும் இப்படிப் போகும், மரத்தைப் பிடுங்கிப் போடாதேங்கோ.